ஸ்டெப்னியில காத்து இருக்கா?

வெளியூர் போகிறோம் என்று சொன்னால் போதும், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, காரின் பின்பக்கம் போய் நின்றுகொள்வார். பானெட்டைத் திறக்கச் சொல்ல மாட்டார். டிக்கியைத்தான் திறக்கச் சொல்வார். 77 வயது. ஒரு கையால் டிக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரலால் ஸ்டெப்னி டயரை அமுக்கிப் பார்ப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "காத்து பாத்தியாட்டி?" என்பார். சென்னைக்கு வந்து ஐம்பது வருஷமாகியும் திருநெல்வேலிப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. இந்தக் கேள்வியும் போகவில்லை.

இந்த வைகாசியில் பாளையங்கோட்டையில் மாமாவுக்குப் பீமரத சாந்தி வந்தது. மாமா என்றால் அத்தையின் கணவர். எழுபதாவது வயதில் மறுபடியும் மனைவிக்குத் தாலி கட்டும் சடங்கு. ரயிலில் டிக்கெட் பார்க்கட்டுமா என்று தம்பி கேட்டபோது அப்பா பேசாமல் இருந்தார். அன்று சாயங்காலம் நான் காபி கொண்டுபோய்க் கொடுக்கும்போது, டம்ளரை வாங்காமலே, "நம்ம வண்டியில போவமா?" என்றார்.

நம்ம வண்டி என்பது 1998-இல் அவர் புதிதாக வாங்கிய மாருதி 800. கார்புரேட்டர் வைத்தது, நாலு கியர், 796 சிசி. அப்பா தன் இரும்புக்கடையை மூடிய பிறகு அதற்குப் பெரிய வேலை இல்லை. கோயில், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று பெரம்பூரைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். வண்டிக்கு 27 வயது. ஓட்டப்போகிறவள் நான். முதலில் எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

மெக்கானிக் பாயிடம் மூன்று வாரம் முன்பே வண்டியை விட்டேன். அப்படி விடச் சொன்னதும் அவர்தான். கிளம்புவதற்கு முதல்நாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். "புதுச் சாமான் மாட்டினா அது ஒக்காரணும் பாப்பா. மாட்டின கையோட ஹைவே ஏறக் கூடாது. ஊருக்குள்ள நூறு கிலோமீட்டர் ஓட்டு. ஏதாவது லீக்கு, ஏதாவது லூசுன்னா இங்கயே தெரிஞ்சிடும், விழுப்புரத்துல தெரிய வேணாம்." எனக்கு 51 வயது. அவர் வாயில் இன்னும் பாப்பாதான். அப்பாவின் பழைய அம்பாசிடரில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகத் தொழிலுக்கு வந்தவர்.

அந்த அம்பாசிடரைச் சொல்லாமல் மாருதியைப் பற்றிப் பேச முடியாது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்த வண்டி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் அச்சை வாங்கி 1950-களின் கடைசியில் தொடங்கி, 2014 மே மாதம் வரை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். அப்பாவுடையது இரண்டு கை மாறி வந்த வண்டி. ஊருக்குப் போவதென்றால் அதற்கு இரண்டு நாள் வேலை இருக்கும். முன்சக்கரங்களுக்குக் கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொரு நிப்பிளிலும் கிரீஸ் கன்னை வைத்து அடிப்பார். பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி, பிறகு புது கிரீஸ் நிறம் தெரிகிற வரைக்கும் அடிப்பார். பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, இடைவெளி வைப்பார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து சி.பி. பாயின்ட்டை உப்புத்தாளில் தேய்ப்பார். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கி, எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பார். அப்பாவின் கட்டைவிரல்தான் எங்கள் வீட்டின் அளவுகோல்.

டிக்கியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் ஒரு பெல்ட், ஒரு கண்டென்சர், ரோட்டர், பல்புகள், கட்டுக்கம்பி, பாதி பார் சோப்பு. சோப்பு எதற்கு என்று கேட்டிருக்கிறேன். பெட்ரோல் டாங்கில் கல் பட்டு ஒழுகினால் சோப்பைத் தேய்த்து அடைத்தால் ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும் என்றார். பிறகு ஒரு பழைய துண்டு. வெயிலில், பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்ப் சூடேறி, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் வெறும் ஆவியை இழுத்து இழுத்து ஓய, வண்டி நின்றுபோகும். அப்போது துண்டை நனைத்துப் பம்பின் மேல் போட்டுவிட்டுப் புளியமர நிழலில் கால்மணி நேரம் உட்கார வேண்டும். அந்தச் சாலையில் அப்போது இரண்டு பக்கமும் புளியமரம் இருந்தது. அடிமரத்தில் வெள்ளை, கறுப்புப் பட்டை அடித்திருக்கும். ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பட்டைகள்தான் வழி சொல்லும். எதிரே லாரி வந்தால் ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கியே ஆக வேண்டும்.

1983 ஆவணியில் அப்படித்தான் கிளம்பினோம். அத்தை கல்யாணம். அம்மாவும் தம்பியும் ரயிலில் முன்னாலேயே போய்விட்டார்கள். கடைக் கணக்கை முடித்துவிட்டு, சீர் பித்தளைப் பாத்திரங்களை டிக்கி நிறைய அடுக்கிக்கொண்டு, அப்பாவும் நானும் கடையில் வேலை பார்த்த அண்ணனும் மத்தியானம் புறப்பட்டோம். எனக்கு ஒன்பது வயது. மறுநாள் காலை ஆறு முதல் ஏழரைக்குள் முகூர்த்தம்.

சாத்தூர் தாண்டி எங்கேயோ, மூன்றரை மணி இருக்கும், பின்சக்கரம் பஞ்சரானது. நான் முழித்துக்கொண்டேன். வெளியே கரிசல் காடு. காற்று அவ்வளவு வேகமாக அடித்தது. அப்பாவும் அந்த அண்ணனும் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து ரோட்டோரம் வைத்தார்கள். நிலா வெளிச்சத்தில் அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த ஸ்டெப்னியை இழுத்துத் தரையில் போட்டார் அப்பா. காற்றுள்ள டயர் தரையில் விழுந்தால் ஒரு துள்ளு துள்ளும். அது துள்ளவில்லை. தொப்பென்று விழுந்து அப்படியே கிடந்தது.

இஞ்சினில் எதையும் அவர் விடவில்லை. பாயின்ட், பிளக், பெல்ட், தண்ணீர், ஆயில் எல்லாம் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். சத்தம் போடுகிற எல்லாவற்றையும் கேட்டார். ஸ்டெப்னி சத்தம் போடவில்லை. மாசக்கணக்கில் வால்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று போயிருக்கிறது, யாருக்கும் தெரியாமல்.

அப்பா ஒரு லாரியை நிறுத்தி, பஞ்சரான சக்கரத்தோடு கோவில்பட்டிக்குப் போனார். பஞ்சர் கடை திறந்து, டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஓட்டையைக் கண்டுபிடித்து, சூடு வைத்து ஒட்டி, பஸ்ஸில் ஏறித் திரும்பி வரும்போது நன்றாக விடிந்துவிட்டது. அதுவரை நான் பாத்திரங்களுக்குக் காவலாக ஓர் அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தேன். போய்ச் சேர்ந்தபோது எட்டரை. தாலி கட்டியாகிவிட்டது. தங்கச்சி கையில் பொரி இட அண்ணன் வேண்டும். சித்தப்பா மகன் இட்டிருந்தார். அத்தையின் கல்யாண ஆல்பம் இன்றைக்கும் பாளையங்கோட்டை வீட்டு பீரோவில் இருக்கிறது. அதில் அப்பா பந்தியிலிருந்துதான் வருவார்.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஸ்டெப்னி என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை தேடிப் பார்த்திருக்கிறேன். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெரு. டேவிஸ் என்ற சகோதரர்கள் 1904-இல் அங்கேதான் மாற்றுச் சக்கரத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்குமுன் கார்களுக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. தெருவின் பெயரையே சரக்குக்கு வைத்தார்கள். அங்கே இன்று அதை அந்தப் பெயரில் யாரும் கூப்பிடுவதில்லை. நம் ஊரில் பஞ்சர் ஒட்டும் சின்னப் பையன்கூட ஸ்டெப்னி என்கிறான். அப்பாவிடம் இதைச் சொன்னபோது கேட்டுவிட்டு, "அப்பம் அவிய ஊர்லயும் ரோட்டுல நின்னவன்தான் கண்டுபிடிச்சிருப்பான்" என்றார்.

பாய் ஒரு நாள் முழுக்க வண்டியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ரேடியேட்டர் தண்ணீரை ஒரு வெள்ளை மக்கில் பிடித்து வைத்திருந்தார். டீ நிறத்தில் இருந்தது. துரு. "டவுனுக்குள்ள பத்து கிலோமீட்டர் ஓடி நிக்கிற வண்டிக்கு இது போதும். நிக்காம மூணு மணி நேரம் எண்பதுல போனா இஞ்சின் சூட்ட இந்த ரேடியேட்டர் எங்க கொண்டுபோய்க் கொட்டும்?" மேலே கீழே இருந்த இரண்டு ஓஸையும் என் கையில் கொடுத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தன. அழுத்தச் சொன்னார். உள்ளே மொறுமொறுவென்று நொறுங்கியது.

ரேடியேட்டர் மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. நாற்பது வருஷமாகக் கார்களின் பக்கத்திலேயே வளர்ந்தும் அது என்ன வேலை செய்கிறது என்று நான் யோசித்ததில்லை. நம் பிரஷர் குக்கரின் கேஸ்கட் செய்யும் அதே வேலை. ஆவியை வெளியே விடாமல் அழுத்தி வைத்தால், 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். அந்த வளையம் வெடித்திருந்தால், நெடுஞ்சாலையில் தண்ணீர் பொங்கிவிடும். மலிவான சாமான். தெர்மோஸ்டாட் வால்வையும் பாய் புதிதாக மாட்டினார். பழையது உள்ளே இல்லவே இல்லை. எப்போதோ, யாரோ, வண்டி சூடாகிறது என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் ஊரில் இது பெரிய வழக்கம். தவறான வழக்கம் என்று பாய் அடித்துச் சொல்கிறார். இஞ்சின் 80 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் ஒழுங்காக எரியும். வால்வு இல்லாமல் காற்றுக்கு எதிரே போகும்போது இஞ்சின் குளிர்ந்தே ஓடும், பெட்ரோலைக் குடிக்கும், ஆயிலைக் கெடுக்கும். சூடாவதற்குக் காரணம் துரு. துருவை விட்டுவிட்டு வால்வைக் கழற்றினால் என்ன அர்த்தம்?

டைமிங் பெல்ட்டும் மாற்றினார். கிலோமீட்டர் கணக்கில் இன்னும் ஓடலாம், வருஷக் கணக்கில் முடிந்துவிட்டது. பிரேக் ஆயில் கறுத்திருந்தது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் எண்ணெய். ஈரம் ஏறினால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது பெடல் வித்தியாசம் காட்டாது. வேகத்தில் ஓடி அடுத்தடுத்து அழுத்தும்போதுதான் கால் உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எங்கள் வண்டியில் எத்தனை வருஷமாக மாற்றவில்லை என்று கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பேட்டரி டெர்மினல் பூத்துக் கிடந்தது, வெந்நீர் ஊற்றிக் கழுவியாயிற்று. வைப்பர், பல்பு, ஆயில், ஃபில்டர் எல்லாம் வழக்கம்போல.

பாயின் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓஸ், மூடி வளையம், பெல்ட், பிரேக் ஆயில். இதில் எதுவுமே சத்தம் போடாது.

டயர்தான் கடைசி. நான்கிலும் பட்டன் நன்றாக இருந்தது, ஆழமாக. அதனால் எனக்கு மாற்றும் எண்ணமே இல்லை. பாய் டயரின் பக்கவாட்டில் ஒரு முட்டை வடிவக் கட்டத்தைக் காட்டினார். நாலு எண்: 3115. 2015-ஆம் வருஷத்தின் 31-ஆவது வாரத்தில் செய்த டயர். பக்கத்து ரப்பரை விரலால் மடக்கினால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ஓடாமல் நின்ற டயருக்கும் வயதாகிறது. காற்று குறைந்து ஓடினால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். வைகாசி வெயில் தார்ச்சாலையில் அது எங்கே வெடிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? நான்கையும் மாற்றுவதென்று முடிவானது. வீல் பேலன்சிங்கும் சேர்த்து. ஊருக்குள் தெரியாத ஸ்டியரிங் ஆட்டம் எழுபது எண்பதில்தான் தெரியும்.

அப்பாவையும் டயர் கடைக்குக் கூட்டிப்போனேன். வேலை முடியும் நேரத்தில் பாய் ஸ்டெப்னியையும் இறக்கச் சொன்னார்.

"அது எதுக்கு? அது புதுசுல்லா. தரையவே தொடலியே" என்றார் அப்பா.

உண்மைதான். 27 வருஷமாக அந்த டயர் ஒருமுறைகூட ரோட்டில் ஓடவில்லை. வாங்கியபோது இருந்த ரப்பர் முடிகள்கூட அப்படியே இருந்தன. மாதம் தவறாமல் அப்பா அதற்குக் காற்றடித்து வந்திருக்கிறார். நான் குனிந்து எண்ணைத் தேடினேன். நாலு எண் இல்லை, மூன்றுதான்: 228. 2000-க்கு முன்னால் மூன்று எண்தான் போடுவார்கள். 1998-இன் 22-ஆவது வாரம்.

"அண்ணாச்சி, காத்து நீங்க குடுத்தீங்க. ரப்பருக்கு வயசு ஆவாம இருக்குமா?" என்றார் பாய். மெதுவாகத்தான் சொன்னார்.

அப்பா பதில் சொல்லவில்லை. கடைப் பையன் ஸ்டெப்னியை இறக்கி அலட்சியமாகத் தரையில் போட்டான். அது துள்ளியது. நன்றாக, முழங்கால் உயரத்துக்குத் துள்ளி, உருண்டுபோய்ச் சுவரில் சாய்ந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அஞ்சாவே வாங்கிருட்டி" என்றார்.

பழைய வண்டியோடு நெடுஞ்சாலைக்குப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்வேன். நான்கு டயர் வாங்கும்போது ஐந்தாவதையும் வாங்குங்கள். கையில் பணம் இல்லையென்றால், பழைய நான்கில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி ஸ்டெப்னியாக வைத்து, பஞ்சர் கடை வரைக்கும் மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். டிக்கியில் இருக்கிறது என்பதாலேயே அது உதவும் என்று நம்பிவிட வேண்டாம். ஜாக்கி தூக்குகிறதா, வீல் ஸ்பேனர் நட்டுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டு வாசலில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். நான் மாட்டிப் பார்த்தேன். கடையில் மெஷினால் முடுக்கிய நட்டு என் கைக்கு அசையவில்லை. ஸ்பேனரின் மேல் ஏறி நின்ற பிறகுதான் இளகியது. ஒரு நீளக் குழாயை ஸ்பேனரில் செருகிக்கொள்ளச் சொல்லி அப்பா எடுத்துக் கொடுத்தார். இரும்புக்கடைக் குழாய்.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். பெட்டிகளை வைக்கும் முன் அப்பா டிக்கியருகே வந்து நின்றார். கட்டைவிரலை நீட்டவில்லை. என் கையில் கேஜ் இருந்தது, வைத்துப் பார்த்தேன். கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருப்பதைவிட நாலு பவுண்டு கூடவே அடித்து வைத்திருந்தேன். நிற்கும் டயரில் காற்று இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஓட்டும் முன் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் நடுரோட்டில் கூட்டிக்கொள்ள முடியாது. கேஜ் காட்டிய எண்ணைச் சொன்னேன். "சரி, சாமான வையி" என்றார்.

பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று சுங்கச்சாவடிகள் வந்தன. கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகை மேலே இருந்த ரேடியோ அலை ரீடர் படித்துக் கட்டை தூக்கியது. அப்பா பழக்கத்தில் சட்டைப்பைச் சில்லறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாலு வழிச் சாலையில் கார்களுக்கு நூறு வரை அனுமதி. நான் எண்பதைத் தாண்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, புறங்கையால் நான்கு டயரையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பாய் சொல்லியிருந்தார். நான்கும் ஒரே சூடாகத்தான் இருந்தன. வெப்பமானி முள் பாதிக்குக் கீழேயே நின்றது.

சாத்தூர் தாண்டும்போது அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டார். புளியமரங்கள் இல்லை. சாலை அகலமாகி, எந்த இடம் என்று சொல்ல முடியாதபடி மாறியிருந்தது. காற்று மட்டும் அதே வேகத்தில் அடித்தது. "இங்கனதான் இருக்கும்" என்றார். நான் வேகத்தைக் குறைத்தேன். "நிப்பாட்டாண்டாம், போ" என்றார்.

மாலை நாலரைக்குப் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தோம். முகூர்த்தம் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு.